பதினான்கு மழைகள்

மருமகளாகப் போகிறவள் முதல் முறையாகச் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை, பேராசிரியை அபூர்வமாக நன்றாகச் சமைத்திருந்தாள். உப்பு அளவாக இருந்தது. அதுவே அந்த வீட்டில் ஒரு செய்தி.

"பாத்துக்கம்மா, இன்னிக்கு உனக்காகத்தான் இது. கல்யாணத்துக்கப்புறம் இதை எதிர்பாக்காத" என்றார் பல் மருத்துவரான அவள் கணவர்.

"உங்களுக்குத்தான் நாக்கு கிடையாதே. ஊர்ல இருக்கிற பல்லையெல்லாம் மோந்து மோந்து செத்துப்போச்சு" என்றாள் பேராசிரியை.

அந்தப் பெண் சிரித்தாள். கண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். எதிரில் இருப்பவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். மகன் அவளைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிட்டான். பேராசிரியைக்கு அவளைப் பார்த்த பத்தாம் நிமிடமே பிடித்துவிட்டது. மகள் இல்லாத வீட்டில் ஒரு பெண் வந்து, கேட்காமலே தண்ணீர்க் குவளையை நிரப்பி வைப்பது ஒரு சுகம்.

"உங்கப்பா கண்ணை நீதான் பாப்பியாமே?" என்று கேட்டார் பல் மருத்துவர்.

"அது ஒரு பெரிய கதை மாமா. எங்க வீட்ல அப்பா எந்த நம்பரைப் படிச்சாலும் அம்மா இன்னொரு தடவை படிப்பாங்க. ஜுரம்னு தெர்மாமீட்டர் வெச்சா அப்பா நூறும்பார். அம்மா பிடுங்கிப் பாப்பாங்க. நூறுதான் இருக்கும். ஆனாலும் பாப்பாங்க."

"ஏனாம்?"

"யுனிவர்சிட்டியே எழுதிக் குடுத்திருக்காம், இந்த மனுஷனுக்கு நம்பர் படிக்க வராதுன்னு." அவள் மீண்டும் சிரித்தாள். "நான் படிச்சு முடிச்சதும் முதல்ல அவர் கண்ணைத்தான் டெஸ்ட் பண்ணேன். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சார். அம்மாகிட்ட சொன்னேன். 'அப்ப கோளாறு கண்ணுல இல்ல, கவனத்துல'ன்னு முடிச்சிட்டாங்க."

மேசையே சிரித்தது. பேராசிரியையும் சிரித்தாள். சிரித்தபடியே, "யுனிவர்சிட்டிக்கும் உங்கப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள்.

"அப்பா வடிகால் துறைல இருந்தார் அத்தை. டயர் தொழிற்சாலைப் பாலத்தடியில பெரிய வாய்க்கால் இருக்கே, மழை பெஞ்சா மணிக்கொரு தரம் அங்க போய்த் தண்ணி எவ்வளவு உயரம்னு பாத்து எழுதணும். யாரோ ஆராய்ச்சி பண்ற ஸ்டூடண்டுக்காக. அந்த ஸ்டூடண்ட், இந்த ஆள் பாக்காமலே எழுதறார்னு சொல்லிட்டாங்களாம். உடனே தூக்கி ஊர்க்கோடி பம்ப் ஹவுஸ்ல போட்டுட்டாங்க. ஒன்பது வருஷம். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். நான் அவரை விருந்தாளின்னே நெனச்சிட்டிருந்தேன்."

பேராசிரியையின் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது. மகன் அவளைப் பார்த்து, "அம்மா, இது உங்க ஏரியாவாச்சே. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கும்" என்றான்.

"இருக்கும்" என்றாள் அவள்.

அந்த வாய்க்காலில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்தது ஒரே ஒரு மாணவிதான்: அவள்.

நகரத்தில் நூறு வாளி மழை பெய்தால் எத்தனை வாளி மண்ணில் இறங்காமல் வாய்க்காலுக்கு ஓடி வரும்? அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அறுபத்திரண்டு என்று அவள் கண்டுபிடித்தாள். இருபத்தாறு வருடமாக வடிகால் துறையின் வரைபட அறைகளில் அந்த எண்ணுக்கு 'மேடம் நம்பர்' என்றே பெயர். புதிதாக ஒரு தெருவில் வாய்க்கால் கட்ட வேண்டுமென்றால், "மேடம் நம்பரைப் போட்டுப் பெருக்கு" என்பார்கள். அவளுடைய பட்டம், வேலை, பேராசிரியர் நாற்காலி, இப்போது நகர வடிகால் கையேட்டைத் திருத்தும் குழுவின் தலைமை, எல்லாமே அந்த ஒரு எண்ணின் மேல் ஏறி நின்றவை.

அந்தக் கணக்கைப் போடும்போது ஒரு சிக்கல் வந்தது. இரண்டாம் வருடத்தின் பதினான்கு மழைகளில், பெய்த மழையைவிட வாய்க்காலில் ஓடிய தண்ணீர் அதிகமாக இருந்தது. வானம் கொடுத்ததைவிட வாய்க்கால் எப்படி அதிகம் கொடுக்கும்? மழைமானி தானாகப் பதிவு செய்யும் கருவி. வாய்க்காலில் தண்ணீரின் உயரத்தை, பாலத்தின் சுவரில் மாட்டிய அளவுப் பலகையில் பார்த்து எழுதியது ஒரு மனிதர். கருவிக்கும் மனிதருக்கும் தகராறு என்றால் இருபத்தெட்டு வயது ஆராய்ச்சி மாணவி யார் பக்கம் நிற்பாள்? பதினான்கையும் நீக்கினாள். ஆய்வேட்டில் ஒரு வரி எழுதினாள்: 'அளவு எடுத்தவரின் கவனக்குறைவு காரணமாக இவை விலக்கப்பட்டன.' அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. துறையின் பொறியாளர் தொலைபேசியில், "ஆள் ஒழுங்கா வேலை பாக்கறானா?" என்று கேட்டபோது, "நம்பர் அப்படிச் சொல்லல சார்" என்றாள். சொன்னதை அன்று மாலையே மறந்தும் போனாள்.

திங்கட்கிழமை காலை அவள் வடிகால் துறையின் பதிவறைக்குப் போனாள். கையேட்டு வேலை என்று சொன்னாள். பதிவறைக்காரர் தூசி தட்டி இரண்டு பெரிய பேரேடுகளைக் கொண்டு வந்து போட்டுவிட்டு, உள் அட்டையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இதைக் கேட்டு வந்த ரெண்டாவது ஆள் நீங்கதான் மேடம். முதல் ஆள் யாருன்னு பாருங்க."

சீட்டில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. அவளுடையது.

பேரேட்டை விரித்தபோது அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இடது பக்கத்தில் தேதி, மணி, உயரம் என்று கட்டம் கட்டமாக எண்கள். அவற்றை அவளுக்கு மனப்பாடமாகவே தெரியும். வலது பக்கத்தைத்தான் அவள் பார்த்ததே இல்லை. மாணவியாக வந்த அன்று நகல் எடுக்கும் இடத்தில் நீண்ட வரிசை. பேரேடோ இயந்திரத்தின் கண்ணாடியைவிட அகலம். இரண்டு பக்கமும் ஒரே தாளில் அடங்கவில்லை. எண்கள் இடது பக்கத்தில் இருந்தன. இடது பக்கங்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் மிச்சம் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

வலது பக்கத்தின் தலைப்பு 'குறிப்பு'. உருண்டையான, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக் கற்ற கையெழுத்து. 'பாலத்தின் சுவரில் லாரி மோதியது. அளவுப் பலகை விழுந்துவிட்டது.' நான்கு நாள் கழித்து: 'பழுது பார்த்தவர்கள் பலகையைத் திரும்ப மாட்டினார்கள். பழைய இடத்தில் மாட்டவில்லை. ஒரு ஜாணும் இரண்டு விரலும் கீழே இருக்கிறது. சொன்னேன், கேட்கவில்லை. ஆகவே இனி நான் எழுதும் உயரத்தில் ஒரு ஜாணும் இரண்டு விரலும் கழித்துக்கொள்ளவும்.'

அடுத்த மழையின்போது: 'கழித்துக்கொள்ளவும்.' அதற்கடுத்த மழைக்கும் அதுவே. பதினான்கு மழைக்கும், ஒன்றுவிடாமல், பொறுமையாக எழுதியிருந்தார்.

அவள் பேரேட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. பதிவறைக்காரர் அந்தப் பக்கம் தொலைபேசியில் யாரிடமோ கதவுத் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இருந்தாலும் நடுத்தெருவில் சேலை அவிழ்ந்து நிற்பதுபோல் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் தூக்கி அந்த மனிதர் தலையில் வைத்துவிட்டு, அவள் அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வலது பக்கங்களையும் நகல் எடுத்துக்கொண்டு தன் அறைக்கு வந்து கணக்குப் போட்டாள். ஒரு ஜாணும் இரண்டு விரலும் என்றால் ஏறக்குறைய இருபத்தாறு சென்டிமீட்டர். பலகை இறங்கியதால் கூடுதலாகக் காட்டிய உயரம் அது. கழித்ததும் பதினான்கு மழைகளும் மழைமானியோடு சொல்லி வைத்தாற்போல் ஒத்துப்போயின. அவைதான் அந்த இரண்டு வருடத்தின் பெரிய மழைகள். நனைந்து ஊறிய மண்மேல் பெய்தவை. அவற்றையும் சேர்த்தால் நூறு வாளிக்கு அறுபத்திரண்டு வாளி இல்லை. எழுபத்தொன்று.

வியாழக்கிழமை கையேட்டுக் குழு கூடியது. அச்சுக்குப் போகும் முன் கடைசிக் கூட்டம். தலைமைப் பொறியாளர் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பி, "மேடம் நம்பர், அப்படியே இருக்கட்டும்தானே?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். ஏழெட்டு முகங்கள் மரியாதையாகக் காத்திருந்தன. பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள்.

"இருக்கட்டும்" என்றாள். கையெழுத்தும் போட்டாள்.

அன்று மாலை கணவருடைய மருத்துவ அறையில், கடைசி நோயாளி போன பிறகு, பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை தேதி பேசப் போறோம். அங்க சொல்லிடு" என்றார்.

"கல்யாணம் முடியட்டுமே. பையனோட வாழ்க்கை..."

"கல்யாணம் முடிஞ்சப்புறம் சொன்னா அது மன்னிப்பு இல்ல. தகவல்."

"அவங்க வேண்டாம்னுட்டா?"

"வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கே. அதையும் நீயே எடுத்துக்குவியா?" சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று அவள் தோளைத் தொட்டார். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அப்போது யாரும் தன்னைத் தொடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனார்கள். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. கூடத்தில் ஒரு மேசை, ஐந்து நாற்காலி, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்ட ஆறாவது நாற்காலி. பெண்ணின் அப்பா ஒல்லியாக, சவரம் செய்த பளபளப்போடு வாசலில் நின்று வரவேற்றார். பெண்ணின் அம்மா கலகலப்பானவள். உட்காருவதற்குள் மாடிப்படி எத்தனை, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கீழ்வீட்டுக்காரி எப்படிப்பட்டவள் என்று எல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

நாட்காட்டியைக் கொண்டு வந்தவர் பெண்ணின் அப்பா. "பதினெட்டாம் தேதி மண்டபம் காலியா இருக்காம்" என்றார்.

"குடுங்க இப்படி" என்று அம்மா நாட்காட்டியை வாங்கினாள். "சம்பந்தியம்மா, தப்பா நெனைக்காதீங்க. இவர் படிச்சா ஒரு தடவை சரிபாத்துக்கணும். இவர் பாட்டுக்கு எட்டாம் தேதியைப் பதினெட்டுன்னு சொல்லி, மாப்பிள்ளையைப் பத்து நாள் காக்க வெச்சிடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பழகிப்போன சிரிப்பு. முகத்தில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. பேராசிரியையால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அவர் சரியாத்தான் படிப்பார்" என்றாள்.

மகன் திரும்பிப் பார்த்தான்.

"அவர் எப்பவும் சரியாத்தான் படிச்சார். பாக்காதவ நான். அந்த ஸ்டூடண்ட் நான்தான்."

பையிலிருந்து நகல்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். லாரி, பலகை, ஒரு ஜாணும் இரண்டு விரலும், நகல் எடுக்கும் இடத்து வரிசை, பொறியாளரிடம் சொன்ன ஒற்றை வரி, எல்லாவற்றையும் சொன்னாள். சிங்காரிக்கவில்லை. வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் நாக்கு அதிகம் குழறியது. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய தவறில் வயதின் திமிர் இருந்தது. வியாழக்கிழமைத் தவறுக்கு அப்படி எந்தச் சாக்கும் இல்லை.

பெண் தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் அவர்.

"தெரியுமா?"

"மாப்பிள்ளை உங்க பேரைச் சொன்ன அன்னிக்கே தெரியும். உங்க ஆராய்ச்சிப் புஸ்தகத்தை நான் பாத்திருக்கேன். உங்க யுனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போய், கேட்டு வாங்கி, அந்த வரியைத் தேடிப் படிச்சேன். மேல உங்க பேர் இருந்துது." நிதானமாகச் சொன்னார், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. "பொண்ணுகிட்ட சொல்லல. சொன்னா உங்க வீட்டுக்கு வரும்போது மனசுல ஒரு கல்லோட வருவா. அது எதுக்கு?"

தெரிந்தேதான் வாசலில் நின்று இவளை வரவேற்றிருக்கிறார். பேராசிரியைக்கு, அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"மன்னிப்புக் கேக்கிற தகுதிகூட எனக்கு இல்ல" என்றாள்.

"மன்னிப்பை அப்புறம் பாத்துக்கலாம். அந்தக் கையேடு அச்சுக்குப் போயிடுச்சா?"

"நாளைக்குப் போகுது."

"அப்ப இன்னிக்கே நிறுத்தலாமே. போன் இருக்கில்ல?"

அவள் எடுத்தாள். இரண்டு முறை தவறான பெயரைத் தொட்டாள். தலைமைப் பொறியாளர் உடனே எடுத்துவிட்டார். சின்ன வீடு. மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் அவர் குரல் கேட்டது.

"என்ன மேடம், ஞாயித்துக்கிழமையில?"

"நாப்பத்தேழாம் பக்கத்தை நிறுத்துங்க. என் நம்பர் தப்பு."

"விளையாடாதீங்க மேடம். இருபத்தஞ்சு வருஷமா..."

"இருபத்தாறு. பதினாலு மழையை நான் தூக்கிப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது."

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. "ஓ, அதுவா. பழைய ஆட்களே சொல்லுவாங்க. அது அந்த அளவு பாக்கறவன் பண்ண தப்புதானே? நீங்க என்ன பண்ணுவீங்க? பழைய ஏட்டுல பிழை ஏற்பட்டிருக்குன்னு ஒரு வரி போட்டுக்கலாம்."

மேசைக்கு எதிரில் பெண்ணின் அப்பா தலையை மெல்ல ஆட்டினார். "பிழை ஏற்பட்டுச்சுன்னு போடாதீங்க" என்றார் தணிந்த குரலில். "என்னமோ மழை மாதிரி தானா வந்து விழுந்த மாதிரி இருக்கு."

"அவர் தப்பு இல்ல" என்றாள் பேராசிரியை தொலைபேசியில். "அவர் சரியா எழுதினார். நான் பாதிப் பக்கத்தைப் படிக்கல. அப்படியே போடுங்க. நாளைக்கு எழுத்துல தர்றேன். பத்திரிகைக்கும் எழுதறேன்."

"மேடம், குழுத் தலைவரா இருந்துக்கிட்டு இதை..."

"தலைவரா நான் இருக்கணுமான்னும் நாளைக்கே பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். மகன் அவளைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

பெண்ணின் அம்மா அதுவரை அசையவில்லை. இப்போது கணவர் பக்கம் திரும்பினாள்.

"பலகையை இறக்கி மாட்டிட்டாங்கன்னு என்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

அவர் யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தாரோ என்னவோ. "சாப்பாடு ஆறுது, கை கழுவிட்டு வாங்கன்னு சொன்ன."

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே பாத்திரம் ஒன்றும் இருந்திருக்காது. பெண் எழுந்து பின்னாலேயே போகப் பார்த்தாள். "விடு. கொஞ்ச நேரம் விடு" என்றார் அப்பா.

பேராசிரியை எழுந்தாள். "நாங்க இன்னொரு நாள் வர்றோம். கல்யாணத்தைப் பத்தி நீங்க என்ன முடிவு பண்ணாலும்..."

"உக்காருங்க" என்றார் அவர். "கல்யாணம் அவங்க ரெண்டு பேரோடது. அதை யாரும் தொடல. எனக்கு இன்னொண்ணு தெரியணும். பதினாலு மழையையும் சேத்தா எவ்வளவு வருது?"

"எழுபத்தொண்ணு."

"அறுபத்திரண்டை வெச்சுத்தானே இத்தனை வருஷமா வாய்க்கால் கட்டியிருக்காங்க?"

"ஆமா."

"அப்ப எல்லாமே குறுகல்."

அவள் தலையாட்டினாள். இந்தக் கேள்வியைத்தான் ஆறு நாளாக யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் மழை முடிந்ததும் செய்தியாளர்கள் வந்து நிற்பார்கள். தெருவில் ஏன் தண்ணீர் தேங்கியது என்று கேட்பார்கள். 'மக்கள் குப்பையை வாய்க்காலில் போடுகிறார்கள்' என்று அவள் சொல்லுவாள். நன்றாகவே சொல்லுவாள். வகுப்பில் பாடமாகவும் சொல்லியிருக்கிறாள்.

"பம்ப் ஹவுஸ்ல இருந்த ஒன்பது வருஷமும், எந்தத் தெருவுல எவ்வளவு ஏறுதுன்னு எனக்குத்தான் முதல் போன் வரும்" என்றார் அவர். "எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எழுதிக்கிறீங்களா?"

அவளிடம் வேறு தாள் இல்லை. நகலின் முதுகுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். பல் மருத்துவர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"தையல் பள்ளிக்கூடத் தெரு. முழங்கால் அளவு. வருஷம் தவறாது. அடுத்தது கண்ணாஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கிற சந்து. அங்க ஒரு தடவை இடுப்பளவு. ஒரு கைக்குழந்தையைத் தொட்டியில வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"பழைய மார்க்கெட்டோட தெக்குப் பக்கம்..."

பெண்ணின் அம்மா தேநீர்க் கோப்பைகளோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. கணவருக்கு முதலில் வைத்தாள். பிறகு பல் மருத்துவருக்கு, மாப்பிள்ளைக்கு, மகளுக்கு. கடைசிக் கோப்பையைப் பேராசிரியையின் கைக்கு எட்டாத தூரத்தில் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"பொண்ணு உங்க வீட்டுக்கு வருவா" என்றாள், யாரையும் பார்க்காமல். "நான் வந்து உங்களோட உக்காந்து சிரிச்சுப் பேச நாளாகும். உங்களை மட்டும் சொல்லல. எனக்கே இந்த மனுஷன் மூஞ்சியைப் பாக்க முடியல."

"சரிங்க" என்றாள் பேராசிரியை.

"தெக்குப் பக்கம்" என்றார் அவர் மறுபடியும், அவள் பேனா நின்றுவிட்டதைப் பார்த்து. "அங்க பன்னெண்டு வீடு."

அவள் தலை நிமிராமல் எழுதினாள்.